முதல் பிடில் சவுரிராயனும் காகிதமில்லாத ஸ்டாண்டும்

இரங்கல் கூட்டத் தலைவர் அவர்களே, மேடையிலே வீற்றிருக்கும் பெரியோர்களே, பங்குச் சாமியார் அவர்களே, டியூட்டி முடிந்து முகத்துக் கரியைக் கழுவவும் நேரமில்லாமல் ஓடி வந்து பின்னால் நிற்கும் லோகோ ஷெட்டுத் தோழர்களே, திண்டிவனத்திலிருந்து காலை பாசஞ்சரில் வந்திறங்கிய தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சவுரிராயனின் துணைவியார் காந்திமதி அவர்களே, அவருடைய மகள் ஜெயம் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் புக்கிங் கிளார்க் வேங்கடேசனின் வணக்கம்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ஒன்றையே சொல்லி வியந்தார்கள். 'பிடில் மணி சவுரிராயன் காகிதத்தைப் பார்க்காமல் வாசிப்பார்! ஒரு மணி நேர சிம்பொனியையும் மனப்பாடமாக வாசிப்பார்! அப்படி ஒரு ஞாபகசக்தி இந்த விழுப்புரம் ஜங்ஷனில் வேறு யாருக்கு உண்டு?' என்றார்கள். உண்மைதான் ஐயா. யாருக்கும் கிடையாது. ஆனால் அவர் ஏன் காகிதமில்லாமல் வாசித்தார் என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். கேட்காமலே சொல்லிவிடத்தான் இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

அவரை முதலில் பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், இரண்டாம் பிளாட்பாரத்தில். கையில் நீளப் பிடி போட்ட சுத்தி. நிற்கிற வண்டியின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் பொத்தென்று சொல்லும். ஒருநாள் மெயில் வண்டி புறப்பட வேண்டிய நேரத்தில் ஒரு சக்கரத்தின் முன்னால் நின்றுவிட்டார். டிரைவர் கத்துகிறார், கார்டு கத்துகிறார், ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வருகிறார். 'ஜல்தியா வுடுய்யா, லேட்டாவுது' என்று எல்லோரும் பேஜார் பண்ணுகிறார்கள். இவரோ அசையவில்லை. 'சார், இது காலையில பாடின சுருதியில இப்ப பாடல. கழட்டிடுங்க' என்றார். கழற்றிப் பார்த்தார்கள். மயிரிழை விரிசல்! அந்தப் பெட்டியில் எத்தனை குடும்பம் இருந்தது, எத்தனை குழந்தை இருந்தது! அவர்களில் ஒருவருக்காவது இந்த மனிதரின் பெயர் தெரியுமா?

அப்படிப்பட்ட காது அது. அந்தக் காதைக் கண்டுபிடித்தவர் நம் கார்டு சின்னதுரை அவர்கள். இதோ மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ரயில்வே இன்ஸ்டிடியூட் அலமாரியில் பூச்சி அரித்துக் கிடந்த பிடில்களையும், வளைந்துபோன குழல்களையும் தூசு தட்டி எடுத்து இருபத்தெட்டு பேரைச் சேர்த்தவர் அவர்தான். யார் அந்த இருபத்தெட்டு பேர்? ஃபயர்மேன், பாயிண்ட்ஸ்மேன், கம்பவுண்டர், இரண்டு வாத்தியார், ஒரு உபதேசியார். பெரிய பிடில் வாசித்த கம்பவுண்டர் திண்டிவனத்துக்காரர். ஆள் மூன்றாம் வகுப்பில் வருவார், பிடில் பிரேக்வானில் வரும். ஆளைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம். குழுவை நடத்தும் சின்னதுரை அவர்களோ தாளக் கோலுக்குப் பதிலாகச் சுருட்டிய பச்சைக் கொடியைத்தான் பிடிப்பார். கொடி அசையாமல் எங்களில் ஒருவரும் வில்லைத் தொடமாட்டோம். ரயில்வேக்காரர்கள் அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. வறுத்த மல்லாட்டை ஒரு மூட்டை வரும். ஒத்திகை முடிந்து எழுந்து நடந்தால் காலடியில் கடலைத் தோல் நொறுங்கும். வில்லுக்குத் தேய்க்கிற பிசின் வாசனையும் எஞ்சின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து அடிக்கும். இப்போதும் ஷெட்டுப் பக்கம் போகும்போது அந்த எண்ணெய் வாசனை வந்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். அந்த நாட்கள் இனி வரப்போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வாத்தியக் குழுவில் ஒரு முறை உண்டு. பிடில்காரர்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். இருவருக்கும் ஒரு ஸ்டாண்டு, ஒரு புத்தகம். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பை நிறுத்தித் தாளைத் திருப்புவார். மற்றவர் விடாமல் வாசிப்பார். இரண்டு கையும் பிடிலில் இருக்கிறதே, வேறு எப்படித் திருப்புவது? முதல் பிடில் ஸ்டாண்டில் சவுரிராயனைப் போட்டார் சின்னதுரை. அவர் பக்கத்தில் என்னைப் போட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'கார்டு சார், எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். கிட்ட வச்சிக்கினாதான் தெரியும். எனக்குத் தனி ஸ்டாண்டு குடுத்துடுங்க' என்றேன்.

இருபது அடி தூரத்திலிருந்து வண்டி நம்பர் படிக்கிற கண் ஐயா என் கண்! சேரியில் பிறந்தவர் பக்கத்தில் முழங்கை உரச உட்கார வேண்டுமே, ஊரிலே தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் மங்கல். அது பொய் என்று சின்னதுரைக்குத் தெரியும். சவுரிராயனுக்கும் தெரியும். என்னைவிட ஆறு வயது மூத்தவரை அந்நாளில் நான் 'வா, போ' என்றுதான் பேசுவேன். அவர் பிடிலுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். என்னை இரண்டாம் பிடில் வரிசைக்கு மாற்றினார்கள். முதல் பிடில் ஸ்டாண்டில் அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்தார்.

ஒற்றை ஆள் தாளை எப்படித் திருப்புவார்? முதல் ஞாயிறு பக்கம் முடிகிற இடத்திலெல்லாம் பாட்டு அறுந்தது. ஃபயர்மேன்கள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது ஸ்டாண்டு காலி. புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். மொத்தத்தையும் நெட்டுருப் போட்டிருந்தார்! நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். என்ன ஞாபகசக்தி, என்ன ஞாபகசக்தி என்று நானே நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். இன்று நீங்கள் சொன்னதெல்லாம் அங்கே பிறந்த பேச்சுதான்.

முப்பத்தேழாம் வருஷம் ஒரு கச்சேரி வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. எதை வாசிப்பது? ஆளுக்கொரு பெரிய பெயரைச் சொன்னார்கள். சவுரிராயன் சொன்னார்: 'எல்லாரும் வாசிக்கிறத நாமளும் வாசிச்சா, மெட்ராஸ்ல இதவிட நல்லா வாசிச்சாங்கன்னு நாலு பேரு சொல்லுவான். யாருமே வாசிக்காதத வாசிச்சா என்னான்னு சொல்லுவான்? நம்மளுதுதான் ஒசத்தி!' ஹால் முழுவதும் சிரித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் திண்டிவனத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார்.

அந்தப் பெட்டியில் இருபத்திரண்டு நோட்டுப் புத்தகங்கள். எழுதியவர் அவருடைய தகப்பனார் தேவசகாயம். ஒரு பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். பதினோரு வருஷம் உட்கார்ந்து நாலு பாகத்தில் ஒரு சிம்பொனி எழுதினார். பேண்டு மாஸ்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, 'உங்க ஆளுங்களுக்குத் தமுக்குப் போதும்' என்று திருப்பிக் கொடுத்தாராம். அந்த ஒரு சொல்லோடு வேலையை விட்டு ஊருக்கு வந்து, பெட்டியைப் பூட்டி, சில வருஷத்தில் கண்ணை மூடிவிட்டார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் புத்தகம்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து எழுதிய பிரதி இல்லை. இருபத்தெட்டு பேரும் சேர்ந்து வாசித்தால்தான் அது என்ன பாட்டு என்று தெரியும்!

தேவசகாயத்தின் மனைவி சவுரியம்மாள் அப்போது உயிரோடு இருந்தார். இடது காது போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருந்தது. பாட்டு இன்னும் ஒன்றுசேராத முதல் ஒத்திகைக்கு வந்தவர் மகனிடம் சொன்னதை நான் கேட்டேன்.

'பதினோரு வருசம் சோறு தண்ணி மறந்து எழுதிக்கினு இருந்தாருடா உங்கப்பா. ஊரே பைத்தியம்னு சிரிச்சிது. நான்கூட ஒரு நாளு அடுப்புல போட்டுடுறேன்னு சண்ட போட்டேன். அது பாட்டுதானா, இல்ல புத்தி பெசகா? காது முழுசா அடைக்கிறதுக்குள்ள ஒரே ஒரு தபா கேட்டுட்டேன்னா எனக்குத் தெரிஞ்சிபூடும்.'

ஒரு மனைவிக்கு இதைவிடப் பெரிய கேள்வி உண்டா? அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த மகன் நான்கு மாதம் எங்களை வாட்டி எடுத்தார். எலி கடித்த இடங்களையெல்லாம் ஊகித்து ஊகித்து எழுதிச் சேர்த்தார். ஒரு ஃபயர்மேனின் குழலுக்கு மூச்சு எங்கே விட வேண்டும் என்று அவரோடு எஞ்சினில் மயிலம் வரை போய்ச் சொல்லிக்கொடுத்தார்!

முப்பத்தெட்டு பிப்ரவரி, ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணி. இதே ஹால்தான். 'எவரும் வாசிக்காத உருப்படிகள்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். 'எவரும் வாசிக்காததை நாம் ஏன் கேட்க வேண்டும்?' என்று வக்கீல் ஒருவர் கேட்டுக்கொண்டே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பனமலைப் பக்கத்திலிருந்து விவசாயிகள் வண்டி கட்டி வந்தார்கள். திண்டிவனத்துச் சேரியே பாசஞ்சரில் வந்து இறங்கியது. சவுரியம்மாளை வலது காது எங்களைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பி உட்கார வைத்தார்கள்.

முதலில் அலமாரியில் கிடைத்த ஒரு பழைய உருப்படி. நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு ஐரோப்பியர் பிடிலுக்கென்று எழுதி, உலகமே மறந்துபோனது. சவுரிராயன் எழுந்து நின்று வாசித்தார். ஐயா, அதை நான் எப்படிச் சொல்வேன்! சக்கரம் தட்டுகிற கையா அது? கடைசியில் மேலே மேலே ஏறிப் போய் ஒரு மெல்லிய இழையாக நிறுத்தியபோது, கை தட்டவேண்டும் என்பதையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள். வக்கீல்தான் முதலில் எழுந்தார். பிறகு ஹாலே எழுந்தது.

அடுத்து தேவசகாயத்தின் சிம்பொனி. முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகம் முடிந்தது. சவுரியம்மாள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மூன்றாம் பாகம் முடிந்து, நாலாம் பாகத்துக்குக் கொடி மேலே எழுந்தது.

அப்போது ஷெட்டுச் சங்கு ஊதியது.

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று நீளச் சங்கு என்றால் என்ன என்று பின்வரிசைத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கோ வண்டி தடம் புரண்டிருக்கிறது. ஷெட்டு ஆட்கள் எந்த நிலையில் இருந்தாலும், சாப்பிட்ட கை கழுவாமல்கூட ஓடவேண்டும். பதினாறு பேர் வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். ஒருவர் முகத்திலும் தயக்கமில்லை. அந்தப் பதினாறு பேரில் ஒருவராகச் சவுரிராயனும் எழுந்தார். அவரும் ஷெட்டு ஆள்தானே!

பிடிலை நாற்காலியில் வைத்தார். அம்மாவை ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாளுக்குச் சங்கின் அர்த்தம் தெரியாது. 'இன்னாடா, முடிஞ்சிபோச்சா?' என்று கேட்டார். இவர் என்னிடம் வந்தார். இரண்டு வருஷத்தில் அவராக என்னிடம் வந்து பேசியது அதுதான் முதல் தடவை. 'வேங்கடேசன் சார், நீங்க போவ வேணாம் இல்ல? முதல் பிடில நீங்க வாசிச்சிடுங்க. நிறுத்தாதீங்க. எங்கம்மா கேக்கட்டும்' என்றார்.

நான் அவருடைய ஸ்டாண்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அதில் காகிதம் இல்லை.

முதல் பிடிலுக்கு இருந்தது ஒரே ஒரு புத்தகம். அதைப் பார்த்து வாசிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர்: அவர், நான். நான் தனி ஸ்டாண்டு கேட்டுப் போனதால் அவர் நெட்டுருப் போட்டார். நெட்டுருப் போட்டதால் புத்தகம் திண்டிவனத்தில் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பாட்டு முழுவதும் இப்போது அவர் தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலை ஷெட்டுக்கு ஓட வேண்டும். இது எங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் 'சரி, முடிஞ்ச மட்டும் வாசிங்க' என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மிச்சமிருந்தது பன்னிரண்டு பேர். சின்னதுரை கொடியை அசைத்தார். ஒத்திகையில் கேட்ட ஞாபகத்தில் முதல் பிடிலை வாசிக்க முயன்றேன். நாலு தாளம் தாண்டவில்லை, வழி தப்பிவிட்டது. வெட்கத்தோடு என் இரண்டாம் பிடிலுக்கே திரும்பினேன். நாலாம் பாகத்தை முழுவதும் வாசித்தோம். பாட்டு இல்லாமல், பாட்டுக்குத் துணையாக எழுதியதை மட்டும் வாசித்தோம்.

முடிந்ததும் நான்தான் அந்த அம்மாளிடம் போனேன். குனிந்து வலது காதில், 'எப்படி இருந்திச்சி?' என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

'பாட்டுதான், புத்தி பெசகு இல்ல. ஆனா கடைசியில வாசிச்சது மட்டும், யாரோ வரணும்னு வாசக்கதவத் தொறந்து வச்சிக்கினு எல்லாரும் காத்துக்கினு இருக்கிற மாரி இருந்துச்சிப்பா. ஆளு வரவே இல்லியே, ஏன்?'

காரணம் நான்தான் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

தடம் புரண்டது சரக்கு வண்டி. உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் மதியம் திரும்பிய மகன், கரியோடு கரியாக உட்கார்ந்து, ஒற்றைப் பிடிலில் அம்மாவின் காதோரம் அந்தப் பாகத்தை வாசித்தாராம். 'ஒத்த ஆளுக்கா எழுதினாரு? எல்லாரும் சேந்து வாசிக்கிறப்ப கேட்டுக்கிறேன்டா' என்றாராம் அந்த அம்மாள். ஆளுக்கொரு டியூட்டி; இருபத்தெட்டு பேரும் ஒன்றாகச் சேர்வதற்குள், அந்த மழைக்காலத்தில் வலது காதும் அடைத்துவிட்டது. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கச்சேரிக்கு அடுத்த ஞாயிறு நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் பிடில் ஸ்டாண்டில் போட்டேன். சவுரிராயன் நிமிர்ந்து பார்த்தார். 'கண்ணு சரியாயிடுச்சா சார்?' என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு குத்தல் இல்லை, ஒரு கசப்பு இல்லை! மறுவாரத்திலிருந்து புத்தகம் கொண்டுவரத் தொடங்கினார். அவருக்கு அது தேவையில்லை. எனக்காகக் கொண்டுவந்தார். பத்து வருஷம் நான் தாள் திருப்பினேன். 'மெதுவாத் திருப்புங்க சார், டிக்கெட்டுக் கிழிக்கிற மாரி இழுக்காதீங்க' என்று கேலி செய்வார். என் வாழ்க்கையில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நல்ல நாட்கள் வேறில்லை. யுத்தம் வந்தது, ஆட்கள் மாறிப் போனார்கள், இருபத்தெட்டு பேர் மறுபடி ஒன்றாகச் சேரவே இல்லை. பதினைந்து நாளைக்கு முன் வந்த ஜுரம் அவரையும் கொண்டுபோய்விட்டது. அந்த நாலாம் பாகத்தை எங்கள் ஒத்திகைக்கு வெளியே இதுவரை உலகத்தில் ஒருவரும் முழுசாகக் கேட்கவில்லை.

காந்திமதி அம்மா! உங்கள் கணவர் பக்கத்தில் பத்து வருஷம் உட்கார்ந்தேன். ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததே போதும், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன். அடங்கவில்லை அம்மா. என் கண்ணில் கோளாறு இல்லை. சாதித் திமிர்தான் கோளாறு. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் போன பிறகு ஊரைக் கூட்டிவைத்துச் சொல்கிறேன்.

தோழர்களே, சின்னதுரை அவர்களும் நானும் முடிவு செய்திருக்கிறோம். வருகிற தை மாதம் மூன்றாவது ஞாயிறு, மாலை நான்கு மணி, திண்டிவனத்தில் தேவசகாயத்தின் சிம்பொனி, நாலு பாகமும். இருபத்திரண்டு புத்தகத்துக்கும் இரண்டிரண்டு பிரதி எழுதத் தொடங்கிவிட்டேன், பதினொன்று முடிந்தது. அன்றைக்கும் சங்கு ஊதினால் ஊதட்டும். ஓடுகிறவர்கள் ஓடுங்கள், மிச்சமிருப்பவர்கள் பிரதியைப் பார்த்து வாசிப்பார்கள். பிடில்காரர்கள் ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். தனி ஸ்டாண்டு வேண்டும் என்கிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

முதல் பிடிலை அவருடைய மகள் ஜெயம் வாசிக்கிறார். அப்பாவின் காதும் கையும் அப்படியே அவருக்கு வந்திருக்கிறது. இன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போய், இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, 'உன் பக்கத்துல நான் ஒக்காந்து தாள் திருப்பலாமா அம்மா?' என்று கேட்டேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

'யோசிச்சிச் சொல்றேன் சார்' என்றார்.

யோசிக்கட்டும். தை வரை யோசிக்கட்டும். வேண்டாம் என்றாலும் அது நியாயம்தான். இரண்டாம் பிடிலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறேன். எனக்கு எந்த நாற்காலி என்பதை இந்த முறை ஜெயம் அவர்களே சொல்லட்டும்.